ஹால் சுவருக்கு ராஜகோபாலன் கார்ப்பெட்: வாங்கலாமா, வேண்டாமா?

பாமணிக்கரை:
மன்னார்குடியில் வீடு கட்டி முடித்தாகிவிட்டது. ஹாலில் டிவிக்கு எதிர்ச் சுவர் காலி. அங்கே எங்கள் ஊர்க் கோயில் கண்ணனான ராஜகோபால சுவாமி உருவம் போட்ட கைமுடிச்சுக் கார்ப்பெட் (நூலைக் கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு நெய்வது) ஒன்றை மாட்ட ஆசை. 4க்கு 6 அடி, கம்பளி. படத்தை அனுப்பினால் உத்தரப் பிரதேசத்தில் பதோஹியில் அப்படியே போட்டு அனுப்புவார்களாம். விலை ஒரு லட்சம். அம்மா, "காலில் மிதிக்கிற சாமானில் பெருமாளா?" என்கிறார். மனைவி, "சுவரில்தானே" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
வேண்டாம் சார். மிதிக்கிற விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கையால் கலம்காரி, அதாவது மூங்கில் கலத்தால் துணியில் வரையும் ஓவியம், எழுதுகிறார்கள். கோயில் விதானம், தொம்பை (உருளையாகத் தொங்கும் துணி), வாசமாலை (வாசல் தோரணம்) எல்லாம் செய்கிற கைகள். கருப்பூர் கலம்காரி என்று பெயர் பெற்ற இதற்கு 2021இல் புவிசார் குறியீடும் வந்தது. டெல்டாவில் சாமிக்குத் துணி என்றால் அதுதான். கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்க, லட்ச ரூபாயை வடக்கே அனுப்புவானேன்?

அரசலாறு:
பதோஹி, மிர்சாபூர் பக்கம் ஏற்றுமதிக்குக் கார்ப்பெட் பார்த்து வாங்கும் வேலையில் இருந்தவன் நான். அண்ணே, பதோஹிக்கு 2010இலேயே குறியீடு கிடைத்துவிட்டது. அதை வைத்துச் சண்டை போட முடியாது.

பாமணிக்கரை சார், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்பது. 100 என்றால் குறுக்கே 10, நெடுக்கே 10. பெருமாள் முகம் 5 அங்குல அகலம் வந்தால், கண், மூக்கு, புன்னகை எல்லாம் குறுக்கே 50 முடிச்சுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. ராஜகோபாலனுக்கு ஒரு காதில் குண்டலம், மறு காதில் தோடு. 100 முடிச்சில் இரண்டும் ஒரே மஞ்சள் திட்டாகத்தான் விழும். 300 முடிச்சு இருந்தால் பார்க்கலாம். ஆனால் 4க்கு 6 அடியில் அது பத்து லட்சம் முடிச்சுக்கு மேல். தேர்ந்த கை நாளுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் போடும். தனி ஆள் உட்கார்ந்தால் நாலு மாசம் ஆகும். கம்பளி, சாயம், கழுவுகிற கூலி, நடுவில் இருப்பவர் லாபம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

குடமுருட்டி:
என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். கலம்காரியில் தோடு வேண்டுமென்றால் மூங்கில் கலத்தால் ஒரே இழுப்பு. லட்சக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது.

அரசலாறு:
கோடு இழுக்கக் கலம்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பளியில் நிறம் ஆழமாக நிற்கும். முடியெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால், இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நீலம், அந்தப் பக்கம் போனால் வேறு நீலம். கண்ணனுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். பருத்தித் துணியில் அது வராது.

வெண்ணாறு:
எனக்கு வேறு பயம். இந்த மாதிரிப் படங்களைப் பின்பக்கத்திலிருந்து நெய்வார்கள், இடம் வலம் மாறிவிடும் என்று படித்திருக்கிறேன். குண்டலம் இருக்க வேண்டிய காதில் தோடு வந்தால் மன்னார்குடிக்காரர் வீட்டில் மாட்ட முடியுமா?

அரசலாறு:
நல்ல கேள்வி. அது டேபெஸ்ட்ரி சமாச்சாரம். அதில் முடிச்சே கிடையாது, வண்ண ஊடையை (குறுக்கு நூலை) அந்தந்த இடத்தில் மட்டும் ஓட்டித் தட்டையாக நெய்வது. வாட்டிகனில் சிஸ்டைன் தேவாலயத்தின் டேபெஸ்ட்ரிகளுக்காக இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த மூலப் படங்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸில் பின்பக்கமிருந்து நெய்தார்கள் என்பதால் அவர் எல்லாவற்றையும் இடவல மாற்றித்தான் வரைந்து கொடுத்தார். முடிச்சுக் கார்ப்பெட்டில் முகப்புப் பக்கம் நெசவாளியைப் பார்த்தே இருக்கும். காது மாறாது.

மாறக்கூடியது முகம்தான். நெசவாளி உங்கள் போட்டோவைப் பார்த்து முடிச்சுப் போடுவதில்லை. நக்ஷா என்று கட்டம் போட்ட காகிதம் ஒன்று வரும். ஒரு கட்டம், ஒரு முடிச்சு. அதை எழுதுகிறவர் மன்னார்குடியைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கண்ணை எங்கே வைக்கிறாரோ அங்கேதான் கண். ஆகவே நக்ஷாவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளையாறு:
வேளாங்கண்ணிப் பக்கம் எங்கள் ஆட்கள் வீட்டில் வெல்வெட்டில் இயேசுவின் இராப்போஜனப் படம் தொங்காத சுவர் குறைவு. மெஷினில் வருவது, விலை கொஞ்சம்தான். அதற்கு முன்னால் நின்றுதான் ஜெபம் சொல்கிறோம். பத்து லட்சம் முடிச்சு இல்லாததால் யாருக்கும் பக்தி குறையவில்லை.

அம்மா சொன்னதற்கு ஒன்று. கி.பி. 427இலேயே இரண்டாம் தியோடோசியஸ் என்ற ரோமப் பேரரசர், சிலுவைக் குறியைத் தரையில் பதிக்கக் கூடாது என்று ஆணை போட்டார். அம்மா தனியாக இல்லை.

வெட்டாறு:
நாகூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இது தலைகீழ். உயிருள்ள உருவம் போட்ட திரையை நபிகள் விரும்பவில்லை, ஆயிஷா நாயகி அதைக் கிழித்துத் தலையணை ஆக்கினார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. அதை வைத்து, உருவம் சுவரில் உயர்ந்து தொங்கினால்தான் தப்பு, காலடியிலோ திண்டிலோ கிடந்தால் பரவாயில்லை என்று சொன்ன சட்ட அறிஞர்கள் உண்டு. மேலே தொங்குவதுதான் மரியாதை, அந்த மரியாதைதான் பிரச்சினை.

ஆனால் தொழுகை விரிப்பில் கஅபா படம் இருந்தால் அதன்மேல் கால் படாமல்தான் நிற்கிறோம். நெற்றி வைக்கிற இடம் அது. பூ வேலைகூடக் கவனத்தைக் கலைக்கும் என்று வெறும் விரிப்பு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

குடமுருட்டி:
வெட்டாறு பாய் சொன்னதுதான் என் கட்சிக்கும் ஆதாரம். மேலே மாட்டினால் அது மரியாதை. மரியாதை என்றால் விளக்கு, பூ, வேளாவேளைக்கு ஒரு கும்பிடு. அதுவும் டிவிக்கு எதிர்ச் சுவரில்! ராஜகோபாலன் தினமும் ராத்திரி சீரியல் பார்க்க வேண்டுமா?

பாமணிக்கரை:
டிவியை மாற்றிக்கொள்ளலாம் சார்.

திருமலைராஜன்:
எங்கள் பாட்டி மடி ஆசாரத்துக்குக் கம்பளியைத்தான் எடுப்பார். கம்பளிக்கு விழுப்பு, அதாவது தீட்டு, கிடையாது என்பார். பெருமாளைக் கம்பளியில் போடுவதில் ஆசாரக் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

என் கவலை முடிச்சுப் போடும் விரல்கள் யாருடையவை என்பதுதான். குழந்தைகளை வைத்து வேலை வாங்கியதால்தானே குழந்தைத் தொழிலாளர் மீட்புக்குப் பாடுபட்ட கைலாஷ் சத்யார்த்தி, குழந்தைகள் கை படாத கார்ப்பெட் என்று காட்ட 1994இல் ரக்மார்க் முத்திரையைக் கொண்டுவந்தார்? இப்போது அது குட்வீவ். அந்த முத்திரை உண்டா என்று கேளுங்கள். சாமி படத்துக்கு இதையாவது கேட்க வேண்டாமா?

கடைமடை:
பெயர்களைப் பார்த்தால் டெல்டா ஆறுகள் எல்லாம் இங்கே ஒன்றுகூடிவிட்டன, தண்ணீர்தான் வரவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த கம்பளி விரிப்பு ஒன்று தொங்கியது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் பிடித்து, பின்பக்கம் பூஞ்சை வாடை. கழற்றிப் பார்த்தால் புழு கம்பளியை வழித்துத் தின்றிருக்கிறது. டெல்டாவில் கம்பளி வேண்டவே வேண்டாம்.

குடமுருட்டி:
இதைத்தான் சொல்கிறேன். பருத்தியை அந்தப் புழு தொடாது.

அரசலாறு:
அந்தப் புழு தொடாது. கஞ்சி போட்ட பருத்தியை ராமபாணப் பூச்சி தொடும், கரையான் தொடும். இயற்கைச் சாயமாக இருந்தாலும் ஜன்னல் வெயில் விழுந்தால் வெளுக்கும். பூச்சியைக் காட்டிக் கட்சி சேர்க்காதீர்கள் அண்ணே.

கடைமடை சார், சுவரோடு ஒட்டி ஆணி அடித்திருப்பீர்கள். காற்று புகாத இருட்டில்தான் அந்தப் பூச்சி முட்டையிடும். சுவரில் மரச் சட்டம் அடித்து, அதிலிருந்து தொங்கவிட்டு, பின்னால் ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் கழற்றி இரண்டு பக்கமும் தூசி தட்ட வேண்டும். வெளிச்சுவராக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். உள்சுவர் என்றால் தாராளமாக.

பாமணிக்கரை:
உள்சுவர்தான். கடைக்காரரிடம் கேட்டேன். முடிச்சுக் கணக்கைச் சொல்லாமல், "முழுக்க ஹேண்ட்மேட் சார்" என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பின்பக்கப் போட்டோ ஒன்று அனுப்பினார். வெள்ளைத் துணி ஒட்டியிருக்கிறது.

அரசலாறு:
அது முடிச்சே இல்லை, டஃப்டெட். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைத் துணியில் செலுத்தி, லேடெக்ஸ் பசை பூசி, பின்னால் துணி ஒட்டுவது. அதையும் கையால்தான் பிடிக்கிறார்கள், அதனால் ஹேண்ட்மேட் என்பதில் சட்டப்படி பொய் இல்லை. நிஜ முடிச்சென்றால் பின்பக்கமும் அதே படம் முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஓரக் குஞ்சம் தைத்து ஒட்டியதாக இல்லாமல் பாவு நூலே (நெடுக்கு நூலே) நீண்டு வந்திருக்கும். நம் ஊர் ஓதத்தில் அந்தப் பசை நாளடைவில் பொடியாக உதிரும். இதற்கு ஒரு லட்சம் கொடுக்காதீர்கள். நிஜ முடிச்சுக்காரர்கள் நம்பர் தருகிறேன், உள்பெட்டியைப் பாருங்கள்.

குடமுருட்டி:
அந்த நம்பருக்குப் பேசும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு வாருங்கள். பஸ் விவரம் நான் உள்பெட்டியில் போடுகிறேன்.

அரசலாறு:
நானும் வருகிறேன் அண்ணே. ஆனால் கட்சி மாற மாட்டேன்.