நிஜமாகவே இதுதானா?

பைபிளோடு சம்பந்தப்பட்டது என்று காட்டப்பட்ட இடத்தின், பொருளின் முன்னால் நின்று இப்படிக் கேட்க நேர்ந்த நாலு பேர் சொல்கிறார்கள்.

பாளையங்கோட்டை டீச்சர்:

2019இல் எங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபையும் பக்கத்து ஆர்.சி. (கத்தோலிக்க) பங்கும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் எருசலேமைச் சுற்றினோம். ஆண்டவர் இயேசுவை அடக்கம் பண்ணின இடம் எது என்று இரண்டாம் நாளே தகராறு. எங்கள் ஆட்களுக்கு டமாஸ்கஸ் வாசலுக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டம். அவர்களுக்குப் பழைய நகருக்குள் இருக்கும் திருக்கல்லறை ஆலயம்.

நான் தோட்டத்துக் கட்சி. காரணத்தைச் சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அங்கே மரம் இருக்கிறது, இரைச்சல் இல்லை, பாறையில் வாசல் வெட்டியிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் படத்தில் பார்த்தது அப்படியே. பக்கத்துக் குன்று மண்டையோடு மாதிரி தெரிகிறதே, இதுதான் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா, அதாவது மண்டையோட்டு இடம் என்று 1883இல் கார்டன் என்ற ஆங்கிலேய ஜெனரல் சொல்லப்போய்த்தான் இடம் பிரபலமானது. பெஞ்சில் உட்கார்ந்து பாடி, ஜெபித்து, அழுது முடித்துத்தான் எழுந்தோம்.

மறுநாள் ஆலயம். சாம்பிராணிப் புகை, தள்ளுமுள்ளு, மூலைக்கு மூலை ஒரு சபையின் உரிமை. ஆறு சபைகள் ஒன்றையொன்று நம்பாத இடத்தில் வாசல் சாவி முஸ்லிம் குடும்பத்தார் கையில் இருக்கிறது. "இயேசு பாடுபட்டது நகர வாசலுக்குப் புறம்பே என்று பைபிளில் எபிரெயர் நிருபத்தில் எழுதியிருக்கிறதே, இது ஊருக்குள் அல்லவா இருக்கிறது?" என்று வழிகாட்டியை மடக்கினேன். மனிதர் அசரவில்லை. இந்தப் பகுதியை உள்ளே வளைத்த மதிலை யூத அரசர் ஏரோது அகிரிப்பா எழுப்பியதே கி.பி. 41க்குப் பிறகுதானாம். சிலுவைப்பாடு நடந்த நாளில் இது ஊருக்கு வெளியே கிடந்த பழைய கல்குவாரி.

அப்புறம் கல்லறை மண்டபத்துக்குப் பின்னால் சிரியன் சபையின் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போனார். கரி பிடித்த சுவர். ஓரத்தில் தாழ்வாக ஒரு திறப்பு. குனிந்து நுழைந்து செல்போன் டார்ச் அடித்தால், பாறைக்குள் நீளவாக்கில் ஆள் படுக்கிற அளவுக்குக் குடைவுகள். முதல் நூற்றாண்டு யூதர்கள் பிணம் வைத்த முறை அது. ஊருக்குள் அவர்கள் அடக்கம் செய்வதில்லை. என் எபிரெயர் வசனம் அந்த இருட்டில் கட்சி மாறிவிட்டது.

2016இல் அந்த ஆலயத்தில் கல்லறையை மூடியிருந்த பளிங்குப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியிலிருந்த சாந்தைச் சோதித்தபோது சுமார் கி.பி. 345 என்று வந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஆலயம் கட்டப்பட்ட கதையோடு அது ஒத்துப்போகிறது. அதற்கு முந்தைய 300 வருஷத்துக்கு அந்தச் சாந்து சாட்சி சொல்லாது, அது வேறு விஷயம்.

எங்கள் தோட்டத்துக்குத்தான் பெரிய அடி. கேப்ரியல் பார்க்காய் என்ற இஸ்ரேலியத் தொல்லியலாளர் அந்தக் கல்லறையின் அமைப்பை ஆராய்ந்து, வெட்டப்பட்டது கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு என்றார். யோவான் சுவிசேஷம் சொல்வதோ "புதிய கல்லறை". இயேசு காலத்திலேயே அது 600 வருஷத்துக்கு மேல் பழசு! பஸ்ஸில் இதை நானே சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். பக்கத்து சீட் தூத்துக்குடி அக்கா ஒன்றும் பேசவில்லை, முறுக்கு டப்பாவை என் பக்கம் நீட்டினார்கள். இன்றைக்கும் ஜெபிக்க எங்கே போவாய் என்றால் தோட்டத்துக்குத்தான் போவேன்.

வர்ஜீனியா மாப்பிள்ளை:

டீச்சர், உங்களுக்காவது பாறை மிஞ்சியது. என் கதை 2018 ஜனவரி. ஊரிலிருந்து வந்த மாமாவை வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாக்கடல் சுருள்கள் எனும் பழங்கால யூத வேதச் சுவடிகளின் துண்டுகள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் மாமா கைகட்டிக் கண்மூடி நின்றுவிட்டார். உள்ளே நகத்தளவில் பழுப்புத் துணுக்குகள், அதில் நாலைந்து எபிரெய எழுத்து. இவை அசல்தானா என்று அறிஞர்களுக்குள் கேள்வி இருக்கிறது என்று பக்கத்திலேயே சின்னதாக ஒரு அறிவிப்பும் இருந்தது. நான் படித்தேன், மாமாவிடம் மொழிபெயர்க்கவில்லை.

அந்த அக்டோபரில் 5 துண்டுகளைப் போலி என்று எடுத்தார்கள். 2020 மார்ச்சில் அவர்களிடமிருந்த 16ம் போலி என்று அறிக்கை வந்தது. மோசடியைக் காட்டிக்கொடுத்தது எழுத்தின் நடை மட்டுமல்ல, மைதான். நுண்ணோக்கியில் பார்த்தால் தோலின் விரிசலுக்குள் மை வழிந்து இறங்கியிருக்கிறது. அதாவது எழுதும்போதே தோல் கிழடு தட்டி வெடித்திருக்கிறது. ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: இற்றுப்போன ஓலையில் இன்று எழுத்தாணி வைத்தால் கீறல் எப்படி விழும் என்று நமக்குத் தெரியாதா? சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த அசல் சுருள்கள் பெரும்பாலும் மெல்லிய எழுதுதோல். இவையோ தடித்த தோல், பழங்காலச் செருப்பிலிருந்துகூட வந்திருக்கலாம் என்றது அறிக்கை.

போனில் மாமாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ நான் செருப்பையா கும்பிட்டேன் மாப்ளே?"

ஒன்று சொல்லிவிடுகிறேன். இவை 2002க்குப் பிறகு சந்தையில் முளைத்த துண்டுகள். 1947 தொடங்கி 11 குகைகளில் எடுத்தவற்றோடு இதைப் போட்டுக் குழப்பி "சாக்கடல் சுருளே பொய்யாம்" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாலிபர் ஐக்கிய முன்னாள் செயலாளர்:

2002 கடைசியில் "யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன்" என்று அராமிக்கில் பொறித்த எலும்புப் பேழை (இறந்தவரின் எலும்பைச் சேர்த்து வைக்கும் கல்பெட்டி) செய்தி வந்ததே, அதைப் பேப்பரிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி வேதபாடமே எடுத்தேன். மறு வருஷமே இஸ்ரேல் தொல்பொருள் துறை, பேழை பழசு, எழுத்தில் மோசடி என்றது. அட்டையைக் கழற்றினேன். 2012இல் நீதிமன்றம் பேழையின் சொந்தக்காரரைப் போலிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அட்டையை மாட்டலாமா என்று பார்த்தால், எழுத்து அசல் என்று நான் சொல்லவில்லை என்று நீதிபதி தீர்ப்பிலேயே போட்டுவிட்டார். அட்டை இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கோவை அண்ணாச்சி:

நான் காசு கொடுத்தே ஏமாந்தவன். எருசலேம் பழைய நகரில் ஒரு கடை. கடைக்காரர் டீ கொடுத்து, பைபிளில் வரும் ஏழை விதவை காணிக்கை போட்ட இரண்டு காசு இந்த வகைதான் என்று இரண்டு செப்புக் காசை உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் நட்சத்திரம். கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட யூத அரசர் அலெக்சாண்டர் யன்னேயு அடித்த காசு. அசலே மண்ணில் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு, இதைப் போய் யார் போலி பண்ணுவார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே உரிமம் உள்ள கடைகள் பழம்பொருள் விற்பது சட்டப்படி சரி. உரிமத்தை மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு. நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். அடுத்த காசிலும் அதே இடத்தில் அதே பள்ளம். ஒரே அச்சில் ஊற்றி எடுத்த இரட்டைப் பிள்ளைகள்!

என் வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா போட்டதும் ரெண்டு காசுதானே, ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பையில போட்டுருங்க" என்றாள்.