பள்ளிக்கு வந்த மனநல ஆலோசகர்: நீலகிரிப் பெற்றோர், ஆசிரியர், மாணவர் அனுபவங்கள்

குன்னூர் டீச்சர்
பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் மனநல ஆலோசகர் வந்திருந்தார். மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறவர், எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பீரியட். எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி, படிக்கிற அட்டவணை எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். கடைசியில், "யாருக்காவது வீட்டுல பிரச்சினை இருந்தா கை தூக்குங்க" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் கை பாதி உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே ரிப்பனைச் சரிசெய்யப் போய்விட்டது. மறுநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ்." அப்புறம் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். அத்தனை பேர் நடுவில் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

கூடலூர் எஸ்டேட் பையன்
எனக்கு நடந்தது போனில். 2023 ப்ளஸ் டூ ரிசல்ட், கணக்குப்பதிவியலில் போய்விட்டது. நாங்கள் இருக்கிற எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது, தேயிலை எடை போடுகிற ஷெட்டுக்கு மேலே ஏறினால்தான் உண்டு. அங்கே நின்று 14417 உதவி எண்ணுக்கு அடித்தேன். பேசிய அக்கா மார்க்கே கேட்கவில்லை. "இப்ப எங்க நிக்கிறீங்க தம்பி? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றார். அதற்கே அழுதுவிட்டேன். அம்மா இலைச் சாக்கோடு ஷெட்டுக்கு வந்து சேரும்வரை போனை வைக்கவில்லை. துணைத் தேர்வு பற்றிக் கடைசியில்தான் சொன்னார். எழுதினேன், பாஸ். அவர் பெயர் தெரியாது, குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மஞ்சூர் அப்பா
டீச்சரம்மா, ஹாலில் பேசுவதே தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மகனுக்கும் ஹாலில்தான் ஆரம்பித்தது. "ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்றீங்கன்னு எழுதிக் கொடுங்க, பேர் வேண்டாம்னா போடாதீங்க" என்று எல்லோரிடமும் தாள் வாங்கினாராம் அந்த ஆலோசகர். இவன் பெயர் போட்டே எழுதினான். வகுப்பில் தூங்குகிறான், சோம்பேறி என்று எனக்கு ஓயாமல் புகார் வந்துகொண்டிருந்த நேரம். ஹட்டியிலிருந்து, அதாவது எங்கள் மலைக் கிராமத்திலிருந்து, இருட்டோடு இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிக்கிறான், வீடு திரும்பும்போதும் இருட்டு. அந்தத் தாளைத் தலைமையாசிரியர் மேசையில் விரித்து, "இந்தப் பையன் எப்ப சார் தூங்குவான்?" என்று ஆலோசகர் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். மாலை ஸ்பெஷல் கிளாஸிலிருந்து அன்றைக்கே அவனுக்கு விலக்கு கொடுத்தார்கள். கேட்கிற விதம் தெரிந்தவருக்கு ஹாலும் போதும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்
எங்கள் பள்ளியில் ஆலோசனைக்கு விளையாட்டுச் சாமான் அறையைக் கொடுத்தார்கள். ஒரு பெண் பேசத் தொடங்கியதும் பந்து எடுக்க ஆள் வந்துவிட்டான், அதோடு அவள் எழுந்து போய்விட்டாள்.

பெற்றோருக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். ப்ளஸ் டூ ரிசல்ட் வரை காத்திருக்காதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆலோசகரைப் பாருங்கள். ப்ளஸ் ஒன்னில் எடுக்கிற குரூப்தான் பிறகு என்ன படிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தது என்று எடுக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ உண்டு, அதைத் தோற்றவர் போகிற இடமாக நினைப்பதை விடுங்கள். மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். தம்பி சொன்ன 14417 கல்வித்துறை எண், இரண்டும் வேறு. இன்னொன்று: பிள்ளை சொல்வது பாலியல் தொல்லை என்றால் ஆலோசகர் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது, போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். பேசுவதற்கு முன்பே பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

குன்னூர் டீச்சர்
மஞ்சூர் அண்ணா, தாளில் எழுதச் சொல்வதும் கை தூக்கச் சொல்வதும் ஒன்றா? உங்கள் மகன் எழுதியதைக் கூட இருந்த பிள்ளைகள் யாரும் படிக்கவில்லையே. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கூடலூர் எஸ்டேட் பையன்
ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் உபயோகமான தகவல். ஆனால் அன்றைக்கு ஷெட்டு மேலே நின்றபோது அந்த அக்கா உள் ஒதுக்கீடு, ஐடிஐ என்று ஆரம்பித்திருந்தால் போனைக் கட் பண்ணியிருப்பேன். எங்கள் லைனில் இந்த வருஷம் நான்கு பேர் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். ரிசல்ட் அன்றைக்கு நான் அந்த ஷெட்டிலேயே இருப்பேன்.