கல்யாணம் வழியாக அமெரிக்கக் குடியுரிமை: வக்கீல் இல்லாமல் நானே போட்டேன்

"அக்கா, சிட்டிசனைக் கட்டிக்கொண்டால் நாமும் சிட்டிசன்தானே, இதற்கு எதற்கு வக்கீல்?" என்று புதிதாக ஹூஸ்டன் வந்த தங்கை ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியில் பாதி சரி, பாதி தப்பு. வக்கீல் பலருக்குத் தேவையில்லை, அது சரி. ஆனால் தாலி கட்டியதும் குடியுரிமை வந்துவிடாது. கல்யாணம் வாங்கித் தருவது கிரீன் கார்டை மட்டும்தான். அந்தக் கார்டு கையில் வரும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை என்றால், கிடைப்பதும் இரண்டு வருஷத்துக்கான நிபந்தனைக் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தைப் போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் என்-400, அதாவது குடியுரிமை விண்ணப்பம். மற்றவர்கள் கிரீன் கார்டோடு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். சிட்டிசனின் கணவனோ மனைவியோ மூன்று வருஷத்தில் போடலாம். நிபந்தனைக் கார்டில் கழித்த இரண்டு வருஷமும் இந்த மூன்றில் சேரும். ஆனால் அந்த மூன்று வருஷமும் அதே சிட்டிசனோடு குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவரும் மூன்று வருஷமும் சிட்டிசனாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். எச்-1பி வேலை விசாவில் வந்து, கணவனும் மனைவியும் ஒன்றாகக் கிரீன் கார்டு வாங்கிய வீடுகளில் ஒருவர் முந்திக்கொண்டு குடியுரிமைப் பிரமாணம் எடுத்துச் சிட்டிசனாகிவிடுவார். அடுத்த மாதமே மற்றவர் "நான் இப்போது சிட்டிசன் மனைவி" என்று மூன்று வருஷக் கணக்கில் போடுவார். கணவர் சிட்டிசனாகி மூன்று வருஷம் ஆகவில்லையே! விண்ணப்பமும் போகும், கட்டிய பணமும் போகும். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரண ஐந்து வருஷக் கணக்கே சீக்கிரம் வந்து சேரும்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். நானும் முதலில் ஒருவரிடம் போனேன். கேட்ட தொகை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியது. கொண்டுவரச் சொன்ன காகிதப் பட்டியலோ, படிவத்தோடு யு.எஸ்.சி.ஐ.எஸ். (இந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறை) இலவசமாகத் தரும் குறிப்பேட்டில் இருந்ததேதான். அதற்காக வக்கீல்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கொடுக்கும் காசு படிவம் நிரப்ப அல்ல, நம் வழக்கில் சிக்கல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல. சிக்கலே இல்லை என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்தால் நீங்களே போடலாம்.

சிக்கல் என்றால் எது? எப்போதாவது கைதானது, வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சரி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது. வீட்டுச் சண்டைக்குப் போலீஸ் வந்தது. இருவரும் இப்போது வேறு வேறு வீட்டில் இருப்பது. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தது. சிட்டிசன் ஆகாமல் வாக்காளராகப் பதிவது இங்கே விளையாட்டு இல்லை. நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களும் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சியோடு எந்த விதத்திலாவது தொடர்பு இருந்ததா என்று படிவம் கேட்கும். கல்லூரிக் காலத்தில் இடதுசாரி மாணவர் சங்கத்தில் கொடி பிடித்தவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டி வழுக்கிப் போகக் கூடாது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு, புலிகள் இயக்கம் 1997 முதல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருக்கிறது; கட்டாயத்தின் பேரில் செய்த சின்ன உதவிகூட பேச்சுக்கு வரலாம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள். அவ்வளவு பணம் இல்லை என்றால் அமெரிக்க நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிகள் தொண்டு நிறுவனங்களில் இருக்கிறார்கள், குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். "நான் நிரப்பித் தரேன் தம்பி, கையெழுத்து மட்டும் போடு" என்று சொல்லும் தெரிந்தவரிடம் மட்டும் போகாதீர்கள். படிவம் நிரப்பியவர் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட அதிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஆசாமி அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

இதெல்லாம் இல்லையா? அப்படியானால் உங்கள் வேலை இரண்டே: தேதியும் பெயரும்.

முதலில் தேதி. மூன்று வருஷம் நிறைய 90 நாள் இருக்கும்போதே என்-400 போட விடுவார்கள். அதற்கு ஒரு நாள் முந்தினாலும் நிராகரிப்புதான். யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்திலேயே இந்தத் தேதியைக் கணக்குப் போட்டுத் தரும் கருவி இருக்கிறது, விரல் விட்டு எண்ணாதீர்கள். இந்த 90 நாள் சலுகை கிரீன் கார்டுக் காலத்துக்கு மட்டும்தான். சேர்ந்து வாழ்ந்த மூன்று வருஷமும், துணைவர் சிட்டிசனாக இருந்த மூன்று வருஷமும் விண்ணப்பம் போடும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும்.

அடுத்து, பயணங்கள். மூன்று வருஷத்தில் குறைந்தது 18 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் "இங்கே வசிப்பதை விட்டுவிட்டார்" என்ற அனுமானம் வரும். வீடு, வேலை, கணவர் எல்லாம் இங்கேதான் இருந்தன என்று ஆதாரம் காட்டி அதை உடைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஒரு வருஷம் ஆகிவிட்டால் கணக்கே அறுந்தது. திரும்பி வந்த பின் இரண்டு வருஷமும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பெண்கள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போய், குழந்தைக்கு மூன்று மாதமாவது ஆகட்டும் என்று பாட்டி பிடித்து வைத்தால் ஆறு மாதம் தானாக ஓடிவிடும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆனது. முடிந்தால் அம்மாவை இங்கே வரவழையுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பிய தேதியும் திரும்பிய தேதியும் எழுத வேண்டும். பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் பார்த்து எழுதினால் தப்பாகும். சென்னையில் குத்தும் முத்திரை நாம் சென்னையில் இறங்கிய நாளுக்கு உரியது, ஹூஸ்டனில் விமானம் ஏறிய நாளுக்கு அல்ல. இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோ காணாமல் போயிருக்கும். நான் பழைய டிக்கெட் மின்னஞ்சல்களைத் தோண்டி, எல்லைக் காவல் துறையின் ஐ-94 தளத்தில் வரும் பயண வரலாற்றோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முழு விண்ணப்பத்திலும் கஷ்டமான வேலை அதுதான்.

பெயர் என்பது தமிழர்களின் தனிச் சோகம். இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கிரீன் கார்டிலும் அதுவே வந்து உட்கார்ந்தது. ஒரு மருத்துவமனையில் "ஃபனூ, ஃபனூ" என்று அழைத்துக்கொண்டே இருந்தார்கள். யாரோ சீனப் பெண்மணி போலிருக்கிறது என்று நான் நிம்மதியாக வார இதழ் புரட்டிக்கொண்டிருந்தேன்.

என்-400-இல் இதற்கு விடிவு உண்டு. பெயர் மாற்ற வேண்டுமா என்று படிவமே கேட்கும், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த மாற்றத்தை நீதிமன்றம்தான் செய்யும் என்பதால், நீதிபதி முன்னிலையில் நடக்கும் பிரமாண நிகழ்ச்சிக்கு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பு தகுந்த விலையாகவே பட்டது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டேன். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், இதுவரை பயன்படுத்திய பெயர் அத்தனையும் உரிய கட்டத்தில் எழுதுங்கள்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள இனிஷியல் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர், எஃப்.என்.யூ. எல்லாம்.

ஆதாரங்களில் கல்யாணச் சான்றிதழ் முதலில். கோயிலில் கொடுத்த ரசீதும் மண்டபத்தில் எடுத்த ஆல்பமும் போதாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதால் பெரும்பாலோரிடம் இருக்கும். தமிழில் உள்ள காகிதத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். அதற்குக் காசு கொடுத்து நிறுவனம் தேட வேண்டியதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த நண்பர் மொழிபெயர்த்து, "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரை கேட்பதில்லை.

துணைவர் சிட்டிசன் என்பதற்கு அவருடைய பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ். சேர்ந்து வாழ்வதற்கு மூன்று வருஷ வருமான வரி விவரம் (ஐ.ஆர்.எஸ். எனும் அமெரிக்க வரித் துறையின் தளத்தில் இலவசமாக இறக்கலாம்), இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, காப்பீடு. நம் வீடுகளில் எல்லாமே அவர் பெயரில் மட்டும் இருக்கும். மூன்றாம் வருஷம் விழித்துக்கொண்டு அவசரமாகச் சேர்த்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். இன்று வந்து இறங்கியவர்கள் இந்த வாரமே வங்கிக்குப் போய் இரண்டாவது பெயரைச் சேருங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில் போடுவதே நல்லது. 2024 ஏப்ரலில் வந்த கட்டண மாற்றத்துக்குப் பிறகு ஆன்லைனுக்கு 710 டாலர், காகிதத்துக்கு 760. கைரேகைக்குத் தனியாக இல்லை. குடும்ப வருமானம் குறைவு என்றால் 380 டாலர் சலுகைக் கட்டணம் உண்டு, அதைக் காகிதத்தில்தான் கேட்க முடியும். கட்டும் நாளில் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐ-751 முடிவு வராமல் கிடந்தாலும் என்-400 போடலாம். பல சமயம் இரண்டையும் ஒரே நேர்காணலில் பார்ப்பார்கள், அப்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நேர்காணலுக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாம் சரித்திரக் கேள்விகளை மனப்பாடம் செய்கிறார்கள். நான் போட்டபோது 100 கேள்வி, பத்து கேட்டு ஆறு சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்வி, இருபது கேட்டு பன்னிரண்டு சரியாகச் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வைத் தாண்டி வந்த நமக்கு இது பெரிய பாடமா? உங்கள் மாநில கவர்னர், செனட்டர் பெயர்களை மட்டும் அந்த வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தவறினாலும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள்.

உண்மையில் தடுமாற வைப்பது படிவத்தில் உள்ள ஆம், இல்லை கேள்விகள். சர்வாதிகாரக் கட்சி, இனப்படுகொலை, ஆயுதம் ஏந்துதல் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நாம் "நோ, நோ" என்று தலையாட்டும்போது நடுவில் நிறுத்தி "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்பார் அதிகாரி. ஆங்கிலம் புரிகிறதா என்று பார்க்கும் வழி அது. ஒவ்வொரு சொல்லையும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்லிப் பழகுங்கள். இன்னொன்று, அந்த வரிசையிலேயே "ஆயுதம் ஏந்தத் தயாரா" என்பது போன்ற, ஆம் என்று சொல்ல வேண்டிய கேள்விகளும் வரும். பழக்கதோஷத்தில் நோ சொல்லிவிடாதீர்கள்.

பிரமாணம் வரை கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். அதற்கு முன் விவாகரத்து ஆனால் மூன்று வருஷ வழி அடைபட்டுவிடும், ஐந்து வருஷக் கணக்குக்குப் போக வேண்டியதுதான்.

இந்தியர்களுக்கு ஒரு விஷயம். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் ஓ.சி.ஐ. கார்டுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, போக முடியும். ஓ.சி.ஐ. இருந்தாலும் ஓட்டு இல்லை, நஞ்சை புஞ்சை வாங்க முடியாது. பரம்பரையாக வரும் நிலத்துக்குத் தடை இல்லை. இலங்கைக்காரர்கள் நிலை வேறு: அங்கே இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது, ஆனால் இங்கே பிரமாணம் எடுக்கும் முன்பே அந்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.

பிரமாண நாளில் கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் ஒரு சான்றிதழ் மட்டும் இருக்கும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குப் போடும்போது அந்த அசலையே கொடுத்தாக வேண்டும், முதலில் நகல் எடுத்து வையுங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வரும்வரை பழைய பாஸ்போர்ட்டில் பறக்க முடியாது, புதியது இல்லை, ஊருக்குப் போக விசாவும் இல்லை. எனக்கு ஜனவரியில் பிரமாணம். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவைத்திருந்தேன். ரத்து செய்ததில் பாதிப் பணம்தான் திரும்பி வந்தது.