வீட்டுத் தமிழை வைத்துப் பல்கலைக்கழக மொழித் தேவையை முடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி, மாணவியின் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை படிக்கிறாள். பட்டம் வாங்க ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை நாலு செமஸ்டர் படிக்க வேண்டும், அல்லது அந்த அளவு மொழி ஏற்கெனவே தெரியும் என்று தேர்வில் காட்ட வேண்டும். பள்ளியில் படித்த ஸ்பானிஷைத் தொடரலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீட்டில் பேசுகிற தமிழும் கணக்கில் வரும் என்று அட்வைசர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் பதினெட்டு வருடமாக நானும் அவள் அப்பாவும் பிடிவாதமாகத் தமிழிலேயே பேசி வளர்த்ததற்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அவள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பதில்லை. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா மாதிரித் தமிழ் வகுப்பு உள்ள இடங்களில் அந்த ஆசிரியரே சோதித்துப் பார்த்துவிடுவார். இல்லாத இடங்களில் வெளித் தேர்வு எழுதச் சொல்வார்கள். அவளுக்கு ஆக்ட்ஃபுல் (ACTFL) என்கிற அமெரிக்க மொழிக்கல்வி அமைப்பின் ஓபிஐ (OPI) தேர்வு, அதாவது பேச்சுத் திறனைப் பார்க்கிற நேர்காணல். தொலைபேசியில் 15 முதல் 30 நிமிடம், எதிரில் தமிழ் தெரிந்த ஒருவர், அவ்வளவுதான். சும்மா பேச்சுதானே என்று நாங்கள் தயார் செய்யவே இல்லை, அதுதான் தப்பு.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குடும்பம், படிப்பு, பிடித்த சாப்பாடு எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. அப்புறம் ஒரு சூழ்நிலை கொடுத்தார்கள், ஓட்டல் அறையில் ஏசி வேலை செய்யவில்லை, மேனேஜரிடம் பேசு என்று. அதையும் சமாளித்தாள். அடுத்து, நகரங்களில் பஸ்ஸில் எல்லோரையும் இலவசமாக ஏற்றலாமா, உன் கருத்து என்ன, ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். "ஃப்ரீயா இருந்தா நல்லா இருக்கும், ஏன்னா..." அங்கேயே நின்றுவிட்டாள். வரி, அரசு, செலவு, பொறுப்பு, இந்தச் சொற்களை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்களே ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம், பிள்ளை எங்கே போவாள்? இன்டர்மீடியட் மிட் வந்தது, அதாவது இடைநிலையில் நடுப்படி. அவர்கள் கேட்டது அதற்கு ஒரு படி மேல்.

மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருந்தோம். அந்த மூன்று மாதமும் தினமும் ராத்திரி காரைக்குடியில் இருக்கிற என் அப்பாவுக்கு போன் போட்டு, அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை அவள் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர், விடமாட்டார். "அப்புறம் என்னம்மா ஆச்சு, அவன் ஏன் அப்படிச் செய்தான், நீயா இருந்தா என்ன செய்திருப்பே" என்று தோண்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தேர்வும் இதைத்தான் எதிர்பார்க்கிறது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒற்றை ஒற்றை வாக்கியமாகப் பதில் சொல்கிறவரை இன்டர்மீடியட். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது மூன்றையும் கோவையாக, ஒரு பத்தி அளவுக்குச் சொல்ல முடிந்தால் அட்வான்ஸ்டு. கருத்தை நிறுவி வாதாட முடிந்தால் சுப்பீரியர்.

இரண்டாவது தடவை அவர்கள் கேட்டது, வீட்டில் பண்டிகைக்குச் செய்கிற ஒரு பலகாரத்தை எப்படிச் செய்வீர்கள் என்று. அவள் அதிரசத்தை எடுத்தாள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கணும், கரைந்தால் பதம் வரவில்லை, விரலால் உருட்டினால் உருளணும், ஆனால் கல்லு மாதிரி ஆகிவிடக் கூடாது, போன தீபாவளிக்கு ஆச்சி ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பியதில் பாகு முறுகிப்போய் மாவு முழுக்க வீணாயிற்று என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு வெளியே கண் கலங்கிவிட்டது. அட்வான்ஸ்டு லோ. மொழித் தேவை முடிந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முக்கியமாகப் படிக்க, எழுதச் சொன்னார்களா என்று தெரிந்தால் அடுத்துப் போகிற பிள்ளைகளுக்கு உதவும்.

வரலாற்றுத் துறை ஆய்வு மாணவர், சொந்த ஊர் மதுரை

என் கதை வேறு மாதிரி. முனைவர் பட்டத்துக்கு எங்கள் துறையில் ஆங்கிலம் தவிர இரண்டு மொழிகளில் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் காட்ட வேண்டும். பேச்சு அவர்களுக்கு வேண்டாம். தாய்மொழி என்பதற்காக மட்டும் ஏற்க மாட்டோம், ஆய்வுக்குப் பயன்பட வேண்டும் என்றார்கள். என் ஆய்வு சென்னை மாகாணத்தைப் பற்றியது, அதனால் தமிழை ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் தேர்வு உண்டு. பேராசிரியர் ஒரு பழைய அச்சுப் பக்கத்தின் நகலைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு, தும்பிக்கை போட்ட லை, ளை, னை, பழைய றா, னா, பக்க எண்கூடத் தமிழ் எண்ணில். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இருந்த புத்தகங்களை லீவு நாட்களில் புரட்டியது அன்றைக்குக் கைகொடுத்தது. பள்ளிக்கூடத் தமிழ் மட்டும் போதாது என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டாவது மொழி பிரெஞ்சு. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தெரியும், +2-வில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுப்பது. நானும் அப்படித்தான், 200-க்கு 192. அந்த நம்பிக்கையில் போய் உட்கார்ந்தேன், முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. நாங்கள் படித்தது குறிப்பிட்ட பாடங்களும் அதற்கான கேள்வி பதிலும்தான், மொழியை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் தமிழே படித்திருக்கலாமே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. அப்புறம் கோடையில் வாசிப்புப் பிரெஞ்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்து, அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத் தேர்வு எழுதித்தான் முடித்தேன். +2-வில் உட்கார்ந்து இதைப் படிக்கிற தம்பி தங்கைகள் இருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

பாஸ்டன், யாழ்ப்பாணத்துக் குடும்பம்

அக்கா, உங்கட மகளின் கதையை வாசிக்க என்ர நாளும் ஞாபகம் வந்தது. எனக்கும் அதே தொலைபேசித் தேர்வுதான். அம்மாவுக்குப் பெரிய பயம், சோதிக்கிறவர் இந்தியத் தமிழராக இருந்தால் நாங்கள் கதைக்கிறது விளங்காது, பிழை என்று போட்டுவிடுவார் என்று. நான் முதல் ஐந்து நிமிடம் பயத்தில் கதைக்கிறது என்று வர வேண்டிய இடமெல்லாம் பேசுறது, பேசுறது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் என்ர கவனம் முழுக்கப் போய், சொல்ல வந்த விஷயம் விட்டுப்போயிற்று. பிறகு அவரே, நீங்கள் வீட்டில் எப்படிக் கதைப்பீர்களோ அப்படியே கதையுங்கோ என்று எங்கட சொல்லை எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு நான் நிற்கவே இல்லை. அப்பா கொழும்பிலிருந்து கண்டி வழியாக ஊருக்குப் போன ஒரு பயணத்தைச் சொன்னேன், அவருக்கு ஒரு சொல் விளங்காத இடத்தில் நான் வேறு விதமாக விளங்கப்படுத்தினேன். அப்படி விளங்கப்படுத்துவதும் திறமைதான். உங்கள் ஊர்ப் பேச்சோடேயே போங்கோ. எனக்கு அட்வான்ஸ்டு மிட் கிடைத்தது. எங்கட கல்லூரியில் எழுத்துத் தேர்வு கேட்கவில்லை.

டெக்சாஸ், முதுகலை முடித்தவர்

நான் தேர்வே எழுதவில்லை. இளங்கலைக்கு இங்கே வந்தவன், 10-ஆம் வகுப்பு, +2 மதிப்பெண் பட்டியலில் முதல் வரியில் தமிழ் இருந்தது, அதைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எனக்குக் கிடைத்தது விலக்கு மட்டும்தான், பட்டத்துக்கான மணி நேரக் கணக்கில் சேருகிற கிரெடிட் இல்லை. நாலு செமஸ்டர் வகுப்பிலிருந்து தப்பித்தேனே தவிர, பட்டத்துக்கு வேண்டிய மொத்த மணி நேரக் கணக்கு குறையவில்லை, அந்த இடத்தை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டியிருந்தது. இது கடைசி வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தேவை மட்டும் முடிகிறதா, கிரெடிட்டும் வருமா, இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது நிற்காது, அட்வைசர் மாறிவிடுவார்.

நியூ ஜெர்சி, மாணவியின் அம்மா

ரொம்ப நன்றி தம்பி, இதை நாங்கள் கேட்கவே இல்லை, திங்கட்கிழமையே கேட்கச் சொல்கிறேன். பாஸ்டன் தங்கச்சி, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். படிக்கத்தான் அவளுக்கு இன்னும் திணறல், ஊருக்குப் போனால் பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் அப்பா இப்போது வாரம் ஒரு கடிதம் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார். போன வாரக் கடிதத்தில் "ழ" வருகிற இடத்திலெல்லாம் அடிக்கோடு போட்டிருந்தார்.