நண்பன் காரில் கிராபி வரை: எல்லையில் என்ன கேட்பார்கள்?

கிள்ளான் பையன்:
பள்ளி விடுமுறையில் நானும் நண்பனும் கிள்ளானிலிருந்து காரிலேயே தாய்லாந்தில் இருக்கும் கிராபிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பஸ்ஸில் ஹாட்யாய் போயிருக்கிறேன், ஓட்டிப் போனதில்லை. கார் அவன் பெயரில், பேங்க் லோன் இன்னும் ஓடுகிறது, பாதித் தூரம் நான் ஓட்டுவேன். காருக்கு என்னென்ன தாள் வேண்டும்? இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுக்கணுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வடக்கத்தியான்:
லைசென்ஸ் பிரச்சினையே இல்லை தம்பி, 1985இல் ஆசியான் நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி நம்ம லைசென்ஸ் அங்கே செல்லும். உங்களுக்கு லோன்தான் விஷயம். கடன் முடியாத காரை தாய்லாந்துக்குக் கொண்டுபோக பேங்கிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், கிளம்புவதற்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள், கெரான் (காரின் பதிவுப் பத்திரம்) நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எல்லைக்கு முன்னால் நம்ம பக்கம் இருக்கும் சங்லூனில் ரோட்டோரக் கடைகளிலேயே தாய் இன்சூரன்ஸ் போட்டு, காரையும் அதில் வருபவர்களையும் பற்றிய டிஎம்2, டிஎம்3 குடிநுழைவு பாரங்களையும் அடித்துத் தந்துவிடுவார்கள். நம்ம பக்கத்து எல்லைச் சாவடியான புக்கிட் காயூ ஹீத்தாம் தாண்டி, தாய்லாந்து பக்கத்து சடாவ் சுங்கத்தில், கார் தற்காலிகமாக உள்ளே வந்ததாக ஒரு தாள் கொடுப்பார்கள். அது தொலைந்தால் திரும்பும்போது பெரிய தலைவலி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கார் நண்பன் பெயரில் இருப்பதால் எல்லையில் மட்டும் போகவும் வரவும் அவனே ஓட்டட்டும்.

ஈப்போக்காரர்:
அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. சங்லூனில் வாங்கும் அந்தக் கட்டாய இன்சூரன்ஸ் ஆளுக்கு அடிபட்டால் மட்டும்தான், கார் நசுங்கினால் ஒரு காசு வராது. நம்ம பாலிசியோ மலேசியா, சிங்கப்பூர், புருணையோடு நின்றுவிடும். தாய்லாந்துக்கும் சேர்த்து நீட்டித்துத் தரச் சொல்லி உங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். என் மச்சான் இதைச் செய்யாமல் போய், ஒரு பிக்கப் வண்டி பின்னாலிருந்து வந்து இடித்து, பம்பரிலிருந்து பூட் வரை கைக்காசுதான்.

அப்புறம் 2025 மே முதல் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள். அது இலவசம், காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள். வேப் (மின் சிகரெட்) இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அதற்குத் தடை.

தேத்தாரிக் கோப்பை:
தாள் கதை போதும், ரோட்டைச் சொல்கிறேன். ஹாட்யாயிலிருந்து பத்தலுங், திராங் வழியாக 4ஆம் எண் சாலை. பேங்காக்கிலிருந்து சடாவ் வரை இறங்கி வரும் அதே பெட்காசெம் சாலைதான். அங்கேயும் இடது பக்கம் ஓட்டுவதுதான், டோல் கிடையாது, ரோடும் நல்ல ரோடு. ஆனால் நம்ம ஹைவே மாதிரி மூடிய பாதை இல்லை. நடுத்திட்டில் யூ-டர்ன் வெட்டி விட்டிருப்பார்கள், வலது லேனில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரி மெதுவாகத் திரும்பி முன்னால் வந்து நிற்கும். ஓரத்தில் மோட்டார்சைக்கிள் எதிர்த்திசையில் வரும், ராத்திரியில் விளக்கில்லாமலும் வரும். அதனால் இருட்டுவதற்குள் ரூமுக்குப் போய்ச் சேருங்கள். திராங்கில் காலையில் நின்றால் டிம்சம், மொறுமொறு பன்றி வறுவல் இரண்டையும் விடாதீர்கள். நேரம் நம்மைவிட 1 மணி பின்னால், ஹோட்டலுக்கு நேரம் சொல்லும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் பையன்:
நன்றி அண்ணே எல்லாருக்கும். திங்கட்கிழமையே நண்பனை பேங்குக்கு அனுப்புகிறேன். பெட்ரோல்?

வடக்கத்தியான்:
சங்லூனில் முழுசா நிரப்புங்க. அங்கே போனதும் கேசஹால் 95 (எத்தனால் கலந்த பெட்ரோல்) என்று கேளுங்க. எத்தனால் மிக அதிகமாக உள்ள இ85 பக்கமே போகாதீங்க, 20 சதவீதம் கலந்த இ20 போடலாமா என்று டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும்.