ஒரே இயந்திரத்துக்கு இரண்டு தேய்மானம் போட்டிருக்கிறார் ஆடிட்டர், எது சரி?

வேர்கிளம்பி தம்பி:

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை) இருக்கிறது. பெயருக்கு பிரைவேட் லிமிடெட். பங்குதாரர்கள் பெரியப்பா, அப்பா, சித்தப்பா, ஒரு அத்தை. பி.காம். முடித்தவன் என்பதால் கணக்கு எழுதும் வேலை என் தலையில். 2023-24 கணக்கில், புதிதாக வாங்கிய கொட்டை உடைக்கும் இயந்திரத்தின் தேய்மானம் எனக்கு ஒத்து வரவில்லை.

பில் தொகை 27,14,000 ரூபாய். கம்பெனிச் சட்டப்படி இயந்திரத்துக்கு ஆயுள் 15 வருடம் என்று படித்தேன். வகுத்தால் வருடத்துக்கு 1,80,933. ஆனால் லாப நட்டக் கணக்கில் ஆடிட்டர் போட்டிருப்பது 50,667. வருமான வரிக்கான தாளில் அதே இயந்திரத்துக்கு 1,80,000. இரண்டாவது என் விடைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுதான் சரி, முதலாவது தவறு என்று நினைக்கிறேன். சொத்துப் பட்டியலில் இயந்திரத்தின் விலை 24,00,000 என்று இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவில் பெரியப்பா வேறு, "மிஷின் நல்லாத்தானே ஓடுது, மதிப்பைக் குறைக்க அவரு யாரு? குறைச்ச காசை எந்த அக்கவுண்டில போட்டிருக்காரு?" என்று கேட்கிறார். யாராவது விளக்குங்கள்.

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

தம்பி, தவறு என்று முடிவு கட்டுவதற்கு முன் சில விவரம் வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எவ்வளவு, அதற்கு இன்புட் எடுத்தீர்களா (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யை, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது)? பில் தவிர அடித்தளம், வயரிங் என்று செலவு உண்டா? இயந்திரம் என்று ஓடத் தொடங்கியது? எத்தனை ஷிப்ட்? கம்பெனி சில சலுகைகளை விட்டுவிட்டு 22% வரிக்கு மாறிவிட்டதா, பழைய வரியா?

வேர்கிளம்பி தம்பி:

இயந்திரம் 23,00,000, ஜி.எஸ்.டி. 18% வகையில் 4,14,000. இன்புட் எடுத்துவிட்டோம். லாரி வாடகை, கான்கிரீட் அடித்தளம், கேபிள் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம். ஆகஸ்டிலேயே இறக்கிவிட்டோம், ஆனால் கரண்ட் லோடு கூட்டிக் கிடைக்க நாளாகி டிசம்பர் 1 அன்றுதான் ஓட்டினோம். ஒரே ஷிப்ட். 22% வரிதான் அக்கா.

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

அப்படியென்றால் ஆடிட்டர் போட்ட இரண்டுமே சரி. உங்கள் 1,80,933-ம் அவருடைய 1,80,000-ம் பக்கத்தில் வந்தது தற்செயல். இப்படி ஒன்று அமைந்தால்தான் மனுஷன் நன்றாகக் குழம்புவான்.

முதலில் விலை. இன்புட் எடுத்த ஜி.எஸ்.டி. உங்களுக்குச் செலவே இல்லை, அதன் மேல் தேய்மானம் கேட்கவும் முடியாது. ஆக 23 லட்சம். இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன ஒரு லட்சமும் இயந்திர விலையில் சேரும். அதுதான் 24,00,000.

இனி கம்பெனிச் சட்டக் கணக்கு. 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருட ஆயுள் தருகிறது. கடைசியில் விற்றால் கிடைக்கும் மதிப்பாக வழக்கமாக 5% ஒதுக்குவார்கள், இங்கே 1,20,000. மீதி 22,80,000-ஐ 15 வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 1,52,000. டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 122 நாள். 2024 லீப் வருடம், எனவே 366-ல் 122, சரியாக மூன்றில் ஒரு பங்கு. 1,52,000-ல் மூன்றில் ஒரு பங்கு 50,667. அடுத்த வருடம் முழு 1,52,000 வரும். இரண்டு ஷிப்ட் ஓட்டினால் அந்த நாட்களுக்கு ஒன்றரை மடங்கு, மூன்று ஷிப்ட் என்றால் இரு மடங்கு போட வேண்டும். ஷிப்ட் கூட்டினால் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள், பலர் சொல்வதில்லை.

வரிக் கணக்கு வேறு வழி. இயந்திரங்களுக்கு 15%, குறைந்து செல் மதிப்பு முறையில். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதி விகிதம், அதாவது 7.5%. 24 லட்சத்துக்கு 1,80,000. அடுத்த வருடம் மீதி 22,20,000-க்கு 15%, 3,33,000. 22% வரிக்கு மாறிய கம்பெனிக்குப் புது இயந்திரத்துக்கான 20% கூடுதல் தேய்மானம் கிடையாது. பழைய வரி என்றால் அதையும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்டேன்.

பில் தேதி இரண்டு கணக்குக்குமே முக்கியமில்லை. புத்தகக் கணக்கில் இயந்திரம் ஓடத் தயாரான நாள், வரிக் கணக்கில் ஓட்டிய நாள். உங்களுக்கு கரண்டால் இரண்டும் ஒரே நாளாகிவிட்டது. கரண்டும் வந்து, தூத்துக்குடியில் கப்பல் இறங்காமல் கொட்டைக்காகக் காத்திருந்தால் இரண்டும் வேறு நாளாகியிருக்கும். கொட்டை இல்லாமல் ஆபீஸைப் பூட்டிப் போட்டாலும் புத்தகத்தில் தேய்மானம் நிற்காது, அதையும் பெரியப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ஆரல் காத்து:

அக்கா சொன்ன கணக்கு சரி மக்கா. ஆனா ஒரே மிஷினுக்கு ஏன் ரெண்டு விதம்னு கேட்டா, காற்றாலை நிற்கிற முப்பந்தல் பக்கம் வந்து பார்.

ஐந்து கோடிக்கு ஒரு காற்றாலை என்று வைத்துக்கொள். கம்பெனிச் சட்டம் அதற்கு 22 வருட ஆயுள் கொடுக்கிறது. 5% கழித்துப் பங்கிட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 21 லட்சத்து 59 ஆயிரம். வருமான வரியில் ஒரு காலத்தில் காற்றாலைக்கு 80% தேய்மானம் இருந்தது. முதல் வருடமே நாலு கோடி! றெக்கை அவ்வளவு தேய்ந்துவிட்டதா? ஒன்றும் தேயவில்லை. காற்றாலையில் பணம் போட ஆள் வர வேண்டும் என்று அரசு வைத்த சலுகை அது. நல்ல லாபம் பார்க்கிற மில்காரர்கள் வரியைக் குறைக்க இங்கே காற்றாலை நட்டார்கள். அந்தச் சலுகையை 2012-ல் நிறுத்தினார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலில் 40% ஆக்கினார்கள். இத்தனை மாற்றத்திலும் காற்று அதேபோலத்தான் அடித்தது, மிஷினும் அதேபோலத்தான் சுற்றியது.

அதனால வரித் தாளில் இருக்கிற தேய்மானத்தை வைத்து மிஷின் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்காதே. அரசு இந்த வருடம் எவ்வளவு கழிக்க விடுகிறது என்பதுதான் அது.

வேர்கிளம்பி தம்பி:

அருமை அண்ணே. அக்கா, இருப்பு நிலைக் குறிப்பில் 'ஒத்திவைத்த வரிப் பொறுப்பு' என்று 32,551 இருக்கிறது. இதுவும் இந்த வித்தியாசத்தால் வந்ததா?

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

அதே. 1,80,000-லிருந்து 50,667 போனால் 1,29,333. 22% வரி, அதன் மேல் 10% சர்சார்ஜ், 4% செஸ் எல்லாம் சேர்த்தால் 25.168%. பெருக்கிப் பாருங்கள், 32,551 வரும். இந்த வருடம் அவ்வளவு வரி குறைவாகக் கட்டினீர்கள். பின்னால் புத்தகத் தேய்மானம் வரித் தேய்மானத்தைத் தாண்டும் வருடங்களில் அது திரும்பி வரும். மொத்தமாகக் கழியப் போவது ஏறக்குறைய ஒரே தொகைதான், எந்த வருடம் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். குறைத்த காசு எந்த அக்கவுண்டிலும் இல்லை. காசு இயந்திரம் வாங்கிய அன்றே போய்விட்டது. அன்றைக்கு 24 லட்சத்தையும் ஒரே வருடச் செலவாக எழுதியிருந்தால் அந்த வருடம் பெரிய நட்டம், அடுத்த 14 வருடம் இயந்திரம் சும்மா வந்ததுபோல லாபம் என்று இருக்கும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் பங்கிட்டு எழுதுகிறோம். சந்தையில் இன்றைக்கு இயந்திரம் என்ன விலை போகும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எனவே யாரும் மதிப்பைக் குறைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வேர்கிளம்பி தம்பி:

சொன்னேன். "அப்போ பேங்குக்குக் கொடுத்த தாளில அதைத் திரும்பக் கூட்டியிருக்கே, அது மட்டும் எங்கிருந்து வந்தது?" என்கிறார்.

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

பெரியப்பா நல்ல ஆடிட்டராக வந்திருப்பார்!

அது ரொக்க ஓட்ட அறிக்கை. லாபத்தில் தொடங்கி, காசாக வெளியே போகாத செலவுகளைத் திரும்பக் கூட்டுவார்கள். எல்லாச் சொத்துக்கும் சேர்த்துத் தேய்மானம் 4,10,000, அது போக லாபம் 6,00,000 என்று வையுங்கள். சரக்கிலும் கடன் பாக்கியிலும் மாற்றமில்லை என்றால் தொழில் அந்த வருடம் தந்த காசு 10,10,000. அதிலிருந்துதான் வங்கிக் கடனின் அசல் போகும். அசல் 7,20,000 என்றால் அது லாப நட்டக் கணக்கில் எங்குமே தெரியாது, வட்டி மட்டும்தான் தெரியும். ஆறு லட்சம் லாபத்தை மட்டும் பார்த்தால் இவர்களால் கட்ட முடியாது என்று தோன்றும். தேய்மானத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் வங்கிக்குத் தெளிவாகும். கூட்டியதால் புதிதாகக் காசு வரவில்லை. கழித்தபோதும் காசு போகவில்லை.

கடையாலுமூடு:

இடையில் ஒரு சந்தேகம். ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற கம்பெனி மரத்துக்குத் தேய்மானம் போடுமா? மரம் வளரத்தானே செய்கிறது?

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

போடும். திருத்திய கணக்கு நியதிகளில் ரப்பர், தென்னை போன்ற பல வருடம் பலன் தரும் மரங்கள் இயந்திரம், கட்டடம் இருக்கும் பிரிவிலேயே வருகின்றன. நட்டு ஏழு வருடம் போல பால் இல்லை; அதுவரை கன்று, உரம், கூலி எல்லாம் மரத்தின் விலையில் சேரும். பால் வெட்டத் தொடங்கியதும் தேய்மானம் தொடங்கும். கடைசியில் வெட்டிய மரத்தின் தடி விலை போகும் என்பதால் அதை மதிப்பிட்டு ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிட வேண்டும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. மரச்சீனி (மரவள்ளி) மாதிரி ஒரே அறுவடையில் முடிகிறவை இதில் சேராது. இதெல்லாம் கம்பெனிக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

சின்னமுட்டம்:

ஷேர் வாங்குவதற்காக ஆண்டறிக்கை படிக்கிறவன் நான். 'தேய்மானமும் அமார்டைசேஷனும்' என்று ஒரே வரியில் போடுகிறார்களே, இரண்டாவது எதற்கு? அப்புறம், இரண்டையும், வட்டி, வரியையும் கழிக்காத லாபமான எபிட்டாவைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள், சரியா?

ஆரல் காத்து:

கையால் தொட முடியாத சொத்துக்கு அமார்டைசேஷன். சாப்ட்வேர் உரிமம், பேடன்ட், விலைக்கு வாங்கிய பிராண்ட். மூன்று வருட உரிமம் 1,80,000 என்றால் வருடத்துக்கு 60,000, எஞ்சிய மதிப்பு பெரும்பாலும் பூஜ்யம். விலைக்கு வாங்கிய நற்பெயர் (குட்வில்) மட்டும் தனி ரகம். இந்திய ஏ.எஸ். என்னும் கணக்கு நியதிகளைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகள் அதை வருடா வருடம் கரைப்பதில்லை, மதிப்பு விழுந்ததா என்று சோதித்து, விழுந்திருந்தால் ஒரே அடியாக எழுதித் தள்ளுவார்கள்.

எபிட்டா விஷயத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தேய்மானம் காசு இல்லைதான். ஆனால் கியர்பாக்ஸ் போனால் புதுசு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இயந்திரம் நிறைந்த தொழிலில் எபிட்டாவை லாபமாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். இன்னொன்று, 2019 ஏப்ரல் முதல் இந்திய ஏ.எஸ். கம்பெனிகளில் கடை வாடகை, குத்தகை எல்லாம் பெரும்பாலும் தேய்மானமும் வட்டியுமாக மாறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதற்கு முந்தைய எபிட்டாவோடு பிந்தையதை அப்படியே ஒப்பிடாதே.

நான் முதலில் திறப்பது சொத்துக் குறிப்பைத்தான். இதுவரை போட்ட மொத்தத் தேய்மானத்தை வாங்கிய விலையால் வகுத்துப் பார். 80% தாண்டினால் இயந்திரங்கள் பழசு, செலவு வரப் போகிறது. அடுத்து கணக்குக் கொள்கைக் குறிப்பில் ஆயுளை மாற்றியிருக்கிறார்களா என்று பார். 15 வருடத்தை 20 ஆக்கினால் ஒரு கிலோ கூட அதிகம் விற்காமல் லாபம் ஏறும். சட்டப்படி அனுமதி உண்டு, காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைப் படி.

வேர்கிளம்பி தம்பி:

கடைசியாக ஒன்று. பழைய பாய்லரை 65,000-க்குக் கேட்கிறார்கள். புத்தகத்தில் மதிப்பு 40,000. மீதி 25,000 லாபமா?

கோட்டாறு அக்கவுண்ட்ஸ்:

புத்தகத்தில் ஆமாம், 25,000 இதர வருமானம். வரிக் கணக்கில் தனி லாபம் இல்லை. அந்த விகிதத்தில் இருக்கும் எல்லா இயந்திரமும் ஒரே தொகுப்பு, அந்தத் தொகுப்பிலிருந்து 65,000-ஐக் கழித்துவிட்டு மீதிக்குத் தேய்மானம் போடுவார்கள். புது இயந்திரம் அதே தொகுப்பில் இருப்பதால் உங்களுக்குச் சிக்கல் வராது. விற்ற பில்லில் ஜி.எஸ்.டி. உண்டு, காயலான் கடைக்காரர் வேண்டாம் என்றாலும் பில் போடுங்கள்.