பாட்டரி டிரில்: எந்தக் கம்பெனிக்கு மாறலாம்? அவசரம், கோயில் கதவு வேலை

ஒக்கலாபா தம்பி
அண்ணன்மார்களுக்கு வணக்கம். யாங்கோன் ஒக்கலாபாவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பாட்டரி டிரில், பாட்டரி கிரைண்டர் இரண்டும் இருக்கின்றன. பாட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையில் முழுசாக ஏற்றிக்கொண்டு போனால் ஒரு நிலைக்குத் துளை போட்டு முடிப்பதற்குள் படுத்துவிடுகிறது. வாங்கி 5 மாதம்தான் ஆகிறது. வெறுத்துப் போய்விட்டது. இரண்டையும் தள்ளிவிட்டு மகிட்டா, டிவால்ட், பாஷ் மூன்றில் ஒன்றுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். எது நல்லது? கையில் 8 லட்சம் கியாட் இருக்கிறது. கோயில் மண்டபத்துக்கு 6 கதவு, கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மாட்டித் தர வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு மணி
தம்பி, இப்போது கையில் இருப்பது எந்தக் கம்பெனி? அதைச் சொல்லாமல் எதிலிருந்து எதற்கு மாறச் சொல்வது?

மோல்மேன் தச்சன்
என்ன மரம்? தேக்கா, பியிங்காடோவா? துளை எத்தனை மில்லி? பிட் எப்போது வாங்கியது?

கேட்கக் காரணம் இருக்கிறது. பியிங்காடோ என்றால் தமிழில் இருள் மரம். அந்தக் காலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போட்ட மரம். அதில் மொட்டைப் பிட்டை வைத்து அழுத்தினால் எந்தக் கம்பெனி பாட்டரியும் தாங்காது. துளையிலிருந்து வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவலாக வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக, கறுத்து, சூடாக வந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது. அந்தத் தேய்ப்புக்குத்தான் உங்கள் பாட்டரி போகிறது. டிரில் முதுகில் 1, 2 என்று கியர் இருக்கும். பெரிய துளைக்கு 1-இல் வைத்து, முதலில் 3 மில்லியில் வழி போட்டுவிட்டுப் பெரிய பிட்டை இறக்குங்கள்.

லத்தா எலக்ட்ரிக்
சார்ஜ் எதில் போடுகிறீர்கள்? லைனிலா, இன்வெர்ட்டரிலா, ஜெனரேட்டரிலா? சார்ஜரில் விளக்கு எந்த நிறத்தில், எப்படி மினுக்குகிறது? இதைச் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பழைய கை
இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? "எது நல்லது" என்று கேட்டு வருகிறவர்கள் யாரும் பாட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவதில்லை. ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள்.

18 வோல்ட் பாட்டரி என்பது 5 லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்தது. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுசாக ஏறினால் செல்லுக்கு 4.2, மொத்தம் 21. ஐந்து செல் ஒரு வரிசை என்றால் சிறிய பாட்டரி, இரண்டு வரிசையாக 10 செல் என்றால் பெரியது. 5 ஆம்பியர் மணி பாட்டரியில் 18 பெருக்கல் 5, அதாவது 90 வாட் மணி சக்தி இருக்கிறது. அதற்கு மேல் அதிலிருந்து யாரும் கறந்துவிட முடியாது. நான் 22 வருஷமாக வயர் டிரில்தான் வைத்திருக்கிறேன். சின்ன ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு நாள் முழுக்க வேலை செய்கிறேன். கத்துக்குட்டிகள்தான் பாட்டரி பின்னால் ஓடுகிறார்கள்.

ஒக்கலாபா தம்பி
மன்னிக்கவும் அண்ணே, அவசரத்தில் எழுதிவிட்டேன். கம்பெனிப் பெயர் பெரிதாக இல்லை, கடைத்தெருவில் செட்டாக வாங்கியது. பாட்டரியில் 88 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மகிட்டா பாட்டரியும் இதில் ஏறும் என்று கடைக்காரர் சொன்னார். மரம் பியிங்காடோதான். பிட் புதிது. எங்கள் பக்கம் லைன் 4 மணி நேரம் வந்தால் பெரிது, அதனால் வீட்டு இன்வெர்ட்டரில் ராத்திரி போடுகிறேன்.

பெகு மணி
88 வோல்ட்! அங்கேதான் இருக்கிறது விஷயம்.

தம்பி, அந்த 88-க்குப் பொருளே இல்லை. 48, 88, 128 என்று என்ன எண் அச்சடித்திருந்தாலும் அந்த வடிவத்துப் பாட்டரிக்குள் இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். முழுசாக ஏற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள், 20, 21 காட்டும்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. காய்கறிக்கடைத் தராசில் வையுங்கள். உண்மையான 10 செல் பாட்டரி, மகிட்டாவின் பிஎல்1850பி போன்றது, 600 கிராமுக்கு மேல் இருக்கும். வீசைத் தராசு என்றால் 37 டிக்கலுக்குக் குறையக் கூடாது (ஒரு டிக்கல் 16 கிராமுக்குக் கொஞ்சம் மேல்). ஒரு செல் சுமார் 45 கிராம். ஐந்து செல்லைக் குறைத்துவிட்டால் 200 கிராமுக்கு மேல் அடிபட்டுப்போகும், தராசு அதை மறைக்காது.

போன வருஷம் எனக்கும் இப்படி ஒன்று வந்து சேர்ந்தது. நான்கு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். முன்பக்கம் ஐந்து செல், நீல உறை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஐந்து செல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ஸ்பஞ்சு ஒரு துண்டு. ஆட்டினால் சத்தம் வரக் கூடாது என்பதற்காக வைத்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு வீட்டுக்கு அலமாரி மாட்டிய கூலி அது.

தாவேய் பையன்
அப்படியானால் எதற்குச் செட்டையே மாற்ற வேண்டும்? ஒரிஜினல் மகிட்டா பாட்டரி இரண்டு வாங்கி அதே டிரில்லில் போட்டால் போதுமே. கிரைண்டருக்கு டிவால்ட் வேண்டுமென்றால் நடுவில் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

லத்தா எலக்ட்ரிக்
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அடாப்டரும் வேண்டாம்.

மகிட்டாவின் 18 வோல்ட் வரிசையில், பாட்டரி காலியாகும்போது ஓட்டத்தை நிறுத்துவது டூல். பாட்டரிக்கும் டூலுக்கும் நடுவில் பிளஸ், மைனஸ் தவிர மூன்றாவதாக ஒரு சிறிய முனை இருக்கும், மஞ்சள் நிறத்தில். பாட்டரி அதன் வழியாகத்தான் "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. பெயரில்லாத டூல்களில் பெரும்பாலும் அந்த முனை கிடையாது. அடாப்டரிலும் அப்படித்தான். அப்போது பாட்டரி சொல்வதைக் கேட்க ஆளில்லை. மரத்தில் பிட் திணறத் திணற நீங்கள் விசையை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். சில தடவை அப்படி நடந்தால் ஒரு செல் மற்றவற்றைவிடப் பின்தங்கிவிடும், அப்புறம் ஒரிஜினல் சார்ஜரே அந்தப் பாட்டரியை வேண்டாம் என்று தள்ளிவிடும். நல்ல பாட்டரிக்குக் கொடுத்த காசு அதோடு போச்சு.

அதனால்தான் விளக்கைப் பற்றிக் கேட்டேன், தம்பி இன்னும் சொல்லவில்லை. மகிட்டா சார்ஜரில் சிவப்பு மட்டும் மினுக்கினால் பாட்டரி சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று பொருள். சிவப்பும் பச்சையும் மாறி மாறி மினுக்கினால் பாட்டரி கெட்டுவிட்டது, அல்லது முனையில் தூசி அடைத்திருக்கிறது. முதலில் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

தாவேய் பையன்
எனக்கு ஒன்றும் ஆகவில்லையே அண்ணே, எட்டு மாதமாக ஓடுகிறது.

லத்தா எலக்ட்ரிக்
நீங்கள் சத்தம் குறைந்தவுடன் கையை எடுத்துவிடுகிறவராக இருப்பீர்கள். எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்காது.

பழைய கை
இத்தனை சிக்கலும் வயர் டிரில்லில் கிடையாது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

மண்டலை ராசு
பழைய கை அண்ணே, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் இங்கே வந்து பார்த்திருந்தால் பாட்டரி டூலைக் கத்துக்குட்டி வேலை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். 7.7 அளவு. லைன் இல்லை, டீசல் கிடைக்கவில்லை, இடிந்த வீட்டுக்குள் வயர் இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. மாமாவின் வீட்டில் சரிந்து கிடந்த கூரைத் தகட்டை நானும் என் தம்பியும் ஒரு பாட்டரி கிரைண்டரை வைத்துத்தான் வெட்டி எடுத்தோம். மோட்டார் சைக்கிள் பாட்டரியில் இன்வெர்ட்டர் போட்டு அதில் சார்ஜ் செய்தோம். அந்தக் கிரைண்டரை இன்றைக்கும் துடைத்துத்தான் வைக்கிறேன்.

பழைய கை
அந்த நேரத்துக்கு அது சரி, மறுக்கவில்லை. தினசரி மரவேலைக்கு என் கருத்து மாறாது. 20 வோல்ட் என்று விற்கிறவனும் 18 வோல்ட் என்று விற்கிறவனும் ஒரே பொருளைத்தான் விற்கிறார்கள் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

மோல்மேன் தச்சன்
இல்லை அண்ணே, டிவால்ட் 20 வோல்ட்டுக்கு இழுப்பு அதிகம். கையில் பிடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

பழைய கை
அந்த டூலுக்கு இழுப்பு அதிகமாக இருக்கலாம், மோட்டார் நல்லதாக இருக்கும். வோல்ட் அதேதான். டிவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று அச்சடிக்கும், ஐரோப்பாவில் அதே பாட்டரியை 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்று அச்சடிக்கும். முழுசாக ஏறியபோது இருக்கும் அளவைச் சொன்னால் 20, ஓடும்போது இருக்கும் அளவைச் சொன்னால் 18.

மோல்மேன் தச்சன்
அப்படியானால் மகிட்டாவின் 40 வோல்ட்?

பழைய கை
அது வேறு சாதி. 2019-இல் வந்தது, 10 செல் ஒரே வரிசை, ஓடும்போது 36. 2005-இல் வந்த 18 வோல்ட் டூலில் அந்தப் பாட்டரி ஏறாது, 18 வோல்ட் பாட்டரி 40 வோல்ட் டூலில் ஏறாது. பாஷிலும் கவனம் வேண்டும், நீல நிற டூல், பச்சை நிற டூல் என்று இரண்டு வரிசை உண்டு. நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை. இரண்டும் 18 வோல்ட்தான், ஒன்றின் பாட்டரி மற்றதில் பொருந்தாது.

பெகு மணி
இந்தச் சண்டையில் தம்பியை மறந்துவிட்டோம்.

தம்பி, மூன்று கம்பெனியில் எதை எடுத்தாலும் டிரில் நன்றாகத்தான் துளை போடும். நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டு வருஷம் கழித்து அதன் பாட்டரி உங்கள் ஊரில் உண்மையானதாகக் கிடைக்குமா என்பது. பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் எந்தக் கம்பெனி நிறம் அதிகம் இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்துக்கு ஒரு பாட்டரி இரவல் வாங்கலாம், பழுது பார்க்கிறவரும் அந்த நிறத்துக்குத்தான் சாமான் வைத்திருப்பார். என் பக்கத்தில் மகிட்டா அதிகம், அதனால் எனக்கு மகிட்டா. ஒக்கலாபாவில் வேறாக இருந்தால் அதையே எடுங்கள்.

8 லட்சத்தில் இரண்டு டூலும் வாங்க நினைக்க வேண்டாம். டிரில் ஒன்று, பெரிய பாட்டரி இரண்டு, சார்ஜர். கிரைண்டருக்கு வயர் போட்டதே போதும், பாட்டரி கிரைண்டர் பாட்டரியைத் தண்ணீர் மாதிரி குடிக்கும்.

லத்தா எலக்ட்ரிக்
சார்ஜர் வாங்கும்போது யோசித்து வாங்குங்கள். மகிட்டாவின் வேக சார்ஜர் டிசி18ஆர்சி, 5 ஆம்பியர் மணி பாட்டரியை 45 நிமிஷத்தில் ஏற்றும். லைன் 4 மணி நேரம் வந்தால் ஐந்து பாட்டரி ஏற்றிவிடலாம். ஆனால் 240 வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் முனகும். டிசி18எஸ்டி மெதுவானது, அதே பாட்டரிக்கு 110 நிமிஷம், இன்வெர்ட்டருக்குச் சுமையும் குறைவு. ராத்திரி இன்வெர்ட்டரில் போடுகிறவருக்கு மெதுவானதே சரி. இன்வெர்ட்டர் சைன் அலை, அதாவது லைனில் வருவது போன்ற சீரான மின்சாரம், கொடுப்பதாக இருந்தால் நல்லது. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் சார்ஜர் இரைந்தால், கை வைக்க முடியாமல் சுட்டால், உடனே பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஜப்பான் பழைய சாமான் கடையில் டிரில், பாட்டரி, சார்ஜர் மூன்றும் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கும். பாட்டரி எந்த நாட்டுக்கு வந்ததானாலும் அதே 18 வோல்ட் பாட்டரிதான். சார்ஜரை மட்டும் கவிழ்த்து அடியில் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சார்ஜர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் சொருகினால் அந்த நிமிஷமே போய்விடும். எங்கள் கடைக்கு மாதத்துக்கு ஒன்றாவது அப்படிக் கருகி வருகிறது, கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மோல்மேன் தச்சன்
பிட் புதிது என்றாலும் என்ன பிட் என்று தம்பி சொல்லவில்லை. இரும்புக்குப் போடுகிற பிட்டால் பியிங்காடோவில் ஆழமாகப் போகாதீர்கள், தூள் வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள்.

மண்டலை ராசு
தம்பி, இருக்கிறீர்களா? கும்பாபிஷேகம் என்றைக்கு?

ஒக்கலாபா தம்பி
எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக வேலையில் இருந்தேன். தராசில் வைத்தேன், 24 டிக்கல். கழற்றிப் பார்த்தேன், ஐந்து செல்தான். சித்தப்பாவின் வயர் டிரில்லை வாங்கிக்கொண்டு போய், கோயில் ஜெனரேட்டரில் போட்டு 4 கதவு மாட்டியாகிவிட்டது. பழைய கை அண்ணனுக்கும் நன்றி. மோல்மேன் அண்ணன் சொன்னபடி முதலில் 3 மில்லி போட்டேன், தூள் சீவலாக வந்தது. எங்கள் தெருவில் மூன்று பேரிடம் மகிட்டா இருக்கிறது, அதனால் அதையே ஜப்பான் பழையதில் பார்த்து வைத்திருக்கிறேன். சார்ஜர் அடியில் 100 என்றுதான் இருந்தது, அதை விட்டுவிட்டு டிரில்லும் பாட்டரியும் மட்டும் எடுக்கிறேன்.

லத்தா எலக்ட்ரிக்
நல்லது தம்பி. பழைய பாட்டரி என்றால் வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே ஒரு தடவை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு என்ன நிறம் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெகு மணி
அந்த ஐந்து செல் பாட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், நெருப்புப் பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மோல்மேன் தச்சன்
மீதி 2 கதவு முடிந்ததும் மண்டபத்தின் படம் ஒன்று போடுங்கள் தம்பி. பியிங்காடோ நிலை எண்ணெய் பூசினால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.